சராசரியில் வளர்ந்த செம்மறி

கூதிர் கழிந்து முன்பனி தலைகாட்டும் நாள்களில் கோக்-ஜார் பள்ளத்தாக்கு தன் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். கோடை முழுதும் மேட்டுப் புல்வெளியில் காளான்களைப் போல் முளைத்திருந்த கம்பளிக் கூடாரங்கள் மடிந்து இறங்கிவிட, அவை நின்ற இடங்களில் வெளுத்த புல்வட்டங்கள் மட்டும் எஞ்சும். ஓடையின் விளிம்பில் விடியலிற் கட்டிய மெல்லிய பனித்தகடு நண்பகலில் ஒலியின்றிக் கரையும். பாப்லர் மரங்கள் தம் பொன்னையெல்லாம் பாதையில் உதிர்த்துவிட்டுத் துறவு பூண்டார் போல் வெறுங்கையோடு நிற்கும். நாரை வரிசை மலைமுகட்டைக் கடந்து தெற்கே மறைந்த பின்னும் அதன் குரல் சற்று நேரம் வானிலேயே தங்கும். சாணவரட்டிப் புகை கூரைகளின் மேல் நேராக எழுந்து, காற்றில்லாமையால் எங்குச் செல்வதென்று அறியாது நிற்கும். புல் வளர்வதை நிறுத்தும். ஆட்டின் மடி வற்றும். மாந்தரும் உள்ளது போதுமென்று உள்ளம் அடங்குவர்.

அப்பருவத்திலும் அடங்காத பொருளொன்று எங்கள் மாவட்டத்தில் உண்டு. அது சராசரி ஊதியம். அது எல்லாப் பருவத்திலும் வளரும்.

அவ்வளர்ச்சியைப் பேணுதற்கென்றே மாவட்டத் தலைநகரில் சராசரி ஊதிய வளர்ச்சி வாரியம் என்னும் மூன்றடுக்கு மாளிகை எழுந்து நின்றது. அதன் முன்கூடத்தில், ஆளுயரச் சட்டத்துள், சராசரி உழைப்பாளரின் உருவப்படம் தொங்கியது. மாவட்டத்தின் அத்தனை முகங்களையும் ஒன்றாக்கி வரைந்தமையால் அவருக்கு ஆணென்றும் பெண்ணென்றும் சொல்லவியலாத அமைதியான முகம் வாய்த்திருந்தது. மூன்று திங்களுக்கு ஒருமுறை புதிய சராசரி அறிவிக்கப்படும். அன்று ஊழியர் எழுந்து நிற்க, தலைவர் சிவப்புத் துணியை விலக்கி எண்ணை வெளிப்படுத்துவார்; எண் பழையதைவிடப் பெரிதாயிருக்கும்; கைதட்டுவர். ஒருமுறை, சராசரி ஊதியம் பெறும் மெய்யான மனிதர் ஒருவரைத் தேடிப் பதக்கம் சூட்ட வேண்டுமென்று வாரியம் விரும்பியது. மாவட்டம் முழுதும் சல்லடையிட்டும் ஒருவரும் கிடைக்கவில்லை. மேலே பொற்சுரங்கத்தின் மேலாளரும் அவரைச் சார்ந்த சிலரும் இருந்தனர், கீழே மற்ற எல்லாரும் இருந்தனர், நடுவில் யாருமில்லை. முடிவில் சுரங்கத்தின் இயந்திரப் பழுதுநீக்குநர் ஒருவரின் ஊதியம் சராசரிக்குச் சற்றே மேலிருப்பது கண்டு, அதைச் சராசரி அளவுக்குக் குறைத்து, அவருக்குப் பதக்கம் சூட்டினர்.

இந்த வாரியத்தின் வாயிலுக்குத்தான் ஓமுர்சாக் வந்து சேர்ந்தார்.

அவர் ஆடு மேய்ப்பவர். இளமை தொட்டு ஒவ்வொரு குளிர்காலத்தையும் கணவாய்க்கு அப்பாலுள்ள குளிர்காலப் பட்டியில் பிறர் மந்தையோடு கழித்தவர். அவர் மனைவி சூராகான் அக்காலமெல்லாம் கீழே ஊரில் பசுவையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். பிள்ளைகள் வளர்ந்து நகரம் போய்விட்டனர். ஓமுர்சாக்கின் முழங்கால்களும் தம் பங்குக்கு ஓய்வு கேட்டன. ஓய்வூதிய வயதும் வந்துவிட்டது. மந்தைக்குச் சொந்தக்காரரான தொலோபெர்தி மட்டும் வாயிலில் குதிரையை நிறுத்தி இறங்காமலே கேட்டுவிட்டுப் போனார்.

“கணவாய் மூடுறதுக்குள்ள ஒரு சொல் சொல்லிடு, ஓமுர்சாக். வர்றியா, இல்ல நான் வேற ஆளைப் பாக்கட்டுமா? ஆடு உன் முட்டிக்காகக் காத்திருக்காது.”

அவர் போனபின் சூராகான் கதவை இழுத்துச் சாத்தினாள்.

“இதோ பாரு மனுஷா. கல்யாணம் ஆன நாளா ஒரு குளிர்காலம்கூட நீ இந்தக் கூரைக்குக் கீழ படுத்ததில்ல. நீ குறட்டை விடுவியா மாட்டியான்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது. இந்த வருஷமாவது கேக்கணும். கேட்டுட்டு அப்புறம் திட்டிக்கறேன்.”

“ஓய்வூதியக் காகிதம் வந்துட்டா இருக்கப்போறேன்.”

“அப்ப போய் வாங்கிட்டு வா. வாங்காம வந்தா கதவு திறக்காது.”

ஓய்வூதியத்தையும் வகுக்கும் அவ்வாரியத்தின் சாளரத்தில் அய்சாதா என்னும் இளம் எழுத்தர் இருந்தாள். ஓய்வூதிய முறையை அவள் அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். ஒருவர் அந்நாளிற் பெற்ற ஊதியம் இந்நாளில் அற்பமாய்த் தோன்றும். ஆதலின் அன்றிலிருந்து இன்றுவரை சராசரி ஊதியம் எத்தனை மடங்கு வளர்ந்ததோ அத்தனை மடங்கால் பழைய ஊதியத்தைப் பெருக்கி, அதன்மேல் ஓய்வூதியம் வகுக்க வேண்டும். முறை நல்ல முறையே. ஓமுர்சாக் தலையசைத்தார். அவள் கோப்பில் ஓரிடத்தில் நின்றாள்.

“பெரியப்பா, ஒரு குளிர்காலத்துக்குச் சம்பளம்னு இங்க ‘செம்மறி, ஒன்று’ன்னு போட்டிருக்கே?”

“ஆமாம்மா. அரசுப் பண்ணை கலைஞ்ச வருஷம். பண்ணையில காசு இல்ல. பண்ணைத் தலைவர் வந்து, இந்தா பிடின்னு ஒரு பெட்டை ஆட்டைக் கயித்தோட குடுத்தார். அப்புறம் யோசிச்சுக் கயித்தை மட்டும் திருப்பி வாங்கிக்கிட்டார்.”

“சம்பளத்தை எந்த உருவத்துல வாங்கினாலும் அந்த உருவத்துலயே பெருக்கணும்னு விதி.” அவள் பொத்தான்களைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மீண்டும் தட்டினாள். “நூத்தி நாப்பது.”

“நூத்தி நாப்பது சோம் காசா, அம்மா?”

“ஆடு, பெரியப்பா.”

ஓமுர்சாக் தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொண்டார். “அந்த ஆட்டை அந்த வாரமே தின்னுட்டோமே. மச்சான் வந்திருந்தான். அவனும் சாப்பிட்டான்.”

“தின்னது ஆட்டை. வளர்ந்தது சராசரி. நான் என்ன பண்ணட்டும், திரையில நூத்தி நாப்பதுன்னுதான் வருது.”

வீட்டில் சூராகான் கதவைத் திறந்தாள். ஆனால் முழுதும் திறக்கவில்லை.

“காகிதம்?”

“காகிதம் இல்ல. நூத்தி நாப்பது ஆடு இருக்காம் நமக்கு.”

“எங்க இருக்காம்?”

“வாரியத்துல.”

“தீனி யாரு போடறது?”

“சராசரி போடுதாம்.”

சூராகான் கதவை முழுதும் திறந்தாள். “உள்ள வா. உனக்குக் காய்ச்சல்.”

காய்ச்சல் அன்று. ஒரு கிழமைக்குள் ஓலை வந்தது. குடிமகன் ஓமுர்சாக் நூற்று நாற்பது செம்மறிகளுக்கு உரிமையாளர் எனச் சராசரி வழி மெய்ப்பிக்கப்பட்டமையாலும், ஊதியத்தின் ஒரு பகுதி உயிருடன் நடமாடும் நிலையில் ஓய்வூதியம் வகுக்க இயலாமையாலும், அவர் அச்செம்மறிகளை நேரிற் காட்டும்வரை கோப்பு நிறுத்தி வைக்கப்படும்; காட்டத் தவறின் மறைத்தவராகக் கருதப்படுவார்.

ஓமுர்சாக் வாரியத் தலைவர் எர்கெபாயெவ் அவர்களை நேரிற் காணச் சென்றார். தலைவர் பருத்த உடலும் இனிய குரலும் உடையவர். தேநீர் வரவழைத்தார், கேட்டார், கண்களை மூடினார், பெரியவர்க்குரிய ‘அக்சகால்’ என்னும் விளியோடு பேசினார்.

“அக்சகால், சராசரின்னா என்னன்னு நினைக்கறீங்க? அது ஒரு எண்ணுன்னு ஜனங்க நினைக்கறாங்க. இல்ல. அது ஒரு நம்பிக்கை. இந்த வருஷம் நம்ம மாவட்டத்துல ஊதியம் பன்னண்டு சதவீதம் ஏறியிருக்கு.”

“யாருக்குங்க?”

“யாருக்கும் இல்ல.” தலைவர் கண் திறந்தார், அவற்றில் ஈரம் இருந்தது. “அதான் அதோட தூய்மை. ஒருத்தனுக்கு ஏறினா இன்னொருத்தன் பொறாமைப்படுவான். யாருக்கும் ஏறாம எல்லாருக்கும் ஏறுது பாருங்க. நான் இந்த மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்த மாசமே சராசரி கொஞ்சம் உயர்ந்துச்சு. என் சம்பளத்தாலதான். ஆனா அதை நான் வெளிய சொல்லிக்கறதில்ல.”

“ஐயா, நான் ஒரே ஒரு ஆடுதான் வாங்கினேன். அதையும் தின்னுட்டேன். எனக்கு ஆடு வேண்டாம். காகிதம் போதும்.”

“அடக்கம்!” என்றார் தலைவர். “மேய்ப்பனோட அடக்கம். ஆனா சட்டம் உங்க அடக்கத்தை ஏத்துக்காது. உங்க உழைப்பு வளர்ந்திருக்கு. உங்களுக்கே தெரியாம வளர்ந்திருக்கு. அதைத் தின்னுட்டேன்னு சொல்றது உங்க உழைப்பையே அவமானப்படுத்தறது.”

ஓமுர்சாக் தேநீரைக் குடித்துவிட்டு வந்தார். தேநீர் நன்றாயிருந்தது.

அதன்பின் நிகழ்ந்தவை எல்லாம் முறைப்படியே நிகழ்ந்தன. கால்நடை மருத்துவர் பெய்ஷென் நூற்று நாற்பது ஊசி மருந்துகளோடு வந்தார். ஆட்டம்மைக்கு எதிரான மருந்து. மந்தை உரிமையாளர் பட்டியலில் ஓமுர்சாக்கின் பெயர் ஏறியதால் வந்தது. பெய்ஷென் மனச்சான்று உடையவர். போடாத ஊசிக்குக் கையெழுத்து வாங்க அவர் உள்ளம் ஒப்பவில்லை. வெறும் பட்டியின் நடுவே நின்று, ஒவ்வொரு மருந்தையும் முறையாக ஊசியில் ஏற்றி, ஆட்டின் தோள் இருக்கவேண்டிய உயரத்திற் காற்றில் செலுத்தினார். இடையில் இருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பொழுது சாய முடித்து, “ரெண்டு முரண்டு பிடிச்சுது, குறிச்சிருக்கேன்” என்று கூறிக் கையெழுத்து வாங்கிச் சென்றார்.

மேய்ச்சல் நிலக் குழுவினர் வந்தனர். நூற்று நாற்பது ஆடுகள் மேய்ந்தும் புல் குறையாதது கண்டு வியந்து, ஓமுர்சாக்கின் மேய்க்கும் முறையைப் பாராட்டிச் சான்றிதழ் வழங்கினர். நகரிலிருந்து எவரும் அறியாத உறவினர் ஒருவர், வாரியத்தின் அறிவிப்புப் பலகையில் பெயர் கண்டு, மகள் திருமணத்துக்கு இரண்டு ஆடு கேட்டு வந்தார்.

சூராகான் அவரைப் பட்டிக்கு அழைத்துச் சென்றாள். “உனக்குப் பிடிச்சதைப் பிடிச்சுக்கோ தம்பி.”

“இங்க ஒண்ணும் இல்லியே, ஏஜே?” என்று மூத்த பெண்ணை விளிக்கும் முறையிற் கேட்டார் அவர்.

“கொழுத்ததா பாத்துப் பிடி. பக்கத்துல போனா ஓடிடும். அமைதியா போ.”

உறவினர் நெடுநேரம் நின்றார். பிறகு பேருந்துக்கு நேரமாயிற்று என்றார்.

ஆனால் தொலோபெர்தி குதிரையில் மறுபடி வந்தபோது சூராகானுக்குச் சிரிப்பு வரவில்லை. மலை முகடு வெண்மை கொள்ளத் தொடங்கியிருந்தது. “வெள்ளிக்கிழமை மந்தை ஏறுது,” என்றார் அவர். “உன்கிட்ட காகிதம் இல்லன்னா நீ வந்தாகணும். நீயே பெரிய மந்தைக்காரன்னு ஊரே சொல்லுது, இருந்தாலும் எனக்கு மேய்ப்பன் வேணும்.” ஓமுர்சாக் உள்ளே சென்று பழைய கம்பளிக் காலுறைகளை எடுத்துத் தைக்க அமர்ந்தார். சூராகான் அவர் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கி வைத்தாள்.

அவ்வாரம் பொற்சுரங்க மேலாளருக்குச் சிறப்பூதியம் வழங்கப்பட்டது. மாவட்டச் சராசரி உயர்ந்தது, கைதட்டல் எழுந்தது, ஓமுர்சாக்கின் மந்தை நூற்றைம்பது ஆயிற்று. பெய்ஷென் பத்துக் குட்டிகளுக்கு ஊசி பாக்கி என்று சொல்லியனுப்பினார்.

வியாழனன்று ஆய்வுக் குழு வந்தது. எர்கெபாயெவ், பெய்ஷென், அறிக்கை எழுத அய்சாதா என மூவர். வாரியத்தின் வண்டி ஓடையைக் கடக்கும்போது சேற்றில் அழுந்தியதால், உச்சிப்பொழுதுக்கு வரவேண்டியவர்கள் பிற்பகலிற் பசியோடு வந்தனர்.

தலைவர் முற்றத்தில் நின்று நாற்புறமும் நோக்கினார். கொட்டிலின் ஓரத்தில், குளிர்கால இறைச்சிக்கென வளர்த்த ஒரே செம்மறிக் கிடா அசைபோட்டுக்கொண்டு அவரைத் திரும்ப நோக்கிற்று.

“இதோ!” என்றார் தலைவர். “அடிப்படை ஆடு!”

“இல்லீங்க,” என்றார் ஓமுர்சாக். பொய் அவர் நாவில் தங்காது. “இது போன வசந்தத்துல சந்தையில வாங்கினது. அந்த ஆடு வேற. அது பெட்டை. இது கிடா.”

“சராசரிக்கு ஆண் பெண் கிடையாது.”

“அதை முப்பது வருஷத்துக்கு முன்னாடியே தின்னுட்டோம்ங்க.”

“அக்சகால், நீங்க ஏதோ ஒரு ஆட்டைப் பத்திப் பேசறீங்க. நான் ஆட்டைப் பத்திப் பேசறேன்.” தலைவர் அய்சாதா பக்கம் திரும்பினார். “எழுதும்மா. அடிப்படை ஆடு நேரில் கண்டறியப்பட்டது. நல்ல உடல்நிலை. இதை நூத்தம்பதால பெருக்கினா மந்தை முழுசும் இருக்கு. மத்ததை எண்ண வேண்டியதில்ல.”

“அப்ப மறைக்கலைன்னு ஆச்சுங்களா?” சூராகான் கேட்டாள். “காகிதம் குடுப்பீங்களா?”

“மறைக்கல. ஆனா மந்தை உயிரோட இருக்கே, ஏஜே. ஊதியம் இன்னும் உயிரோட நடமாடுது. அது இருக்கற வரைக்கும் ஓய்வூதியத்தை எப்படி வகுக்கறது? பொறுங்க. இயற்கையா ஒரு முடிவு வரும்.”

ஓமுர்சாக் தலை குனிந்தார். எனினும் விருந்தினர் விருந்தினரே. வந்தவரை இறைச்சியின்றி அனுப்புதல் எங்களிடத்தில் கொலைக்கு அடுத்த பழி. மூவரும் உள்ளே சென்று விரிப்பில் அமர்ந்து ரொட்டியைப் பிட்டனர். கொட்டிலில் இருந்தது ஒரே ஆடு. ஓமுர்சாக் அதைக் கழுத்துக் கயிற்றிற் பற்றி வாயிற்படியருகே கொணர்ந்து நிறுத்தினார்.

வாயிலில் ஆட்டை நிறுத்தினால் உள்ளிருக்கும் முதன்மை விருந்தினர் கையேந்தி வாழ்த்த வேண்டும், வாழ்த்தினால் அறுக்கலாம். எங்கள் நாட்டில் இதை ஒருவரும் சிந்தித்துச் செய்வதில்லை. ஆட்டின் முகம் கதவிற் கண்டதுமே கைகள் தாமாக விரியும். எர்கெபாயெவ் அவர்களின் கைகளும் விரிந்தன. “இந்த வீட்டுப் பட்டி நிறையட்டும், இறைவன் பெருக்கட்டும்” என்று வாழ்த்தினார். எல்லாரும் “ஒமின், அப்படியே ஆகட்டும்” என்று முகத்தைத் தடவிக்கொண்டனர். அய்சாதா மட்டும் பேனாவை வாயில் வைத்தபடி, “ஐயா, அது அடி...” என்று தொடங்கினாள். ஆயினும் வாழ்த்து வாழ்த்தாகிவிட்டது. வாழ்த்திய ஆட்டைத் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டுதல் நடவாத செயல். ஓமுர்சாக் இறைவன் பெயர் சொல்லி அறுத்தார்.

வெந்த இறைச்சி வட்டிலில் வந்தது. ஒவ்வொரு எலும்பும் வயதிற்கும் வரிசைக்கும் ஏற்ப ஒருவருக்கு உரியது. ஓமுர்சாக் தலையைத் தலைவர் முன்னும், பெரிய தொடையெலும்பை மருத்துவர் முன்னும் வைத்தார். மருத்துவர் தலைவரைவிட இரண்டு ஆண்டு மூத்தவர்.

தலைவர் தொடையெலும்பை நோக்கினார். “அக்சகால், வயசுல அவர் மூத்தவர்தான். ஆனா பதவியில நான். தலையும் வரணும், தொடையும் இங்கதான் வரணும்னு நினைக்கறேன்.”

“எல்லாத்தையும் சேத்துப் பெருக்கி ஆளுக்குச் சமமா வகுத்துடலாமே ஐயா,” என்றாள் அய்சாதா, முகத்தில் மாற்றமின்றி.

“அது ஊதியத்துக்கும்மா. எலும்புக்கு இல்ல.”

மருத்துவர் தொடையெலும்பைத் தலைவர் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடுங்க. காத்துல ஊசி போட்டே எனக்குத் தோள் போச்சு, கனமானதைத் தூக்க முடியல.”

உண்டனர். ஓடையும் பசியும் சேர்ந்து உண்ணச் செய்தன. கிண்ணங்களில் சாறு ஊற்றப்பட்டது. அதன்பின் அய்சாதா தாளை முழங்காலில் விரித்துக்கொண்டாள்.

“ஐயா, அறிக்கையை முடிச்சிடட்டுமா? அடிப்படை ஆடு கண்டறியப்பட்டது, எழுதியாச்சு. இப்போதைய இருப்புன்னு ஒரு இடம் இருக்கு. அதுல என்ன எழுதட்டும்?”

அனைவரும் வட்டிலை நோக்கினர். வட்டிலில் எலும்புகள் இருந்தன.

ஓமுர்சாக் வெளிறிப்போனார். தாம் ஏதோ பெருங்குற்றம் செய்துவிட்டதாக அவருக்கு அப்பொழுதுதான் தோன்றியது. “ஐயா, மன்னிக்கணும். எனக்குத் தெரிஞ்சு செய்யல. வாசல்ல நிறுத்தினேன், நீங்க கையேந்தினீங்க, நான் அறுத்துட்டேன். அரசாங்கத்தோட ஆட்டை அறுத்துட்டேனா?”

“ஒரு ஆடுதானே?” என்றார் தலைவர், பல்லிடையே சிக்கியதை அகற்றிக்கொண்டு.

“ஒண்ணுன்னு எழுதினா, ஒண்ணு நூத்தம்பது ஆகாதுன்னு ஆயிடும் ஐயா,” என்றாள் அய்சாதா. “அப்ப பெருக்கினது தப்பு. ஒரு கோப்புல தப்புன்னா மேலிடம் எல்லாக் கோப்பையும் கேக்கும். நூத்தம்பதுன்னு எழுதினா, இருப்பு இல்ல, செலவு நூத்தம்பதுன்னு எழுதணும். செலவுக்குக் காரணம் போடணும்.”

“என்ன காரணம்?”

“உண்டது.”

“யாரு?”

அவள் தன் சாற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

அடுப்பில் சாணவரட்டி ஒருமுறை வெடித்தது. எர்கெபாயெவ் எழுந்து நின்றார். அவர் முகத்தில், சிவப்புத் துணி விலக்கும் நாளின் ஒளி வந்து படிந்தது.

“மூவாயிரம் கோப்புல நான் சராசரியைப் பெருக்கியிருக்கேன்,” என்றார். “அது ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்ல. விதவைங்க வந்து அழுதிருக்காங்க. நான் அசையல. உங்க மேல எனக்கு இரக்கம் இருக்கு, ஆனா எண்ணு இதுதான்னு சொல்லியிருக்கேன். இன்னிக்கு என் வயித்துக்காக அந்த எண்ணை நான் கைவிடுவேனா? மாட்டேன். எழுதும்மா. நூற்றைம்பது செம்மறிகள். குழுவினர் மூவரும், கடமையின் பொருட்டு, ஒரே அமர்வில் உண்டனர்.”

“ஐயா,” என்றார் பெய்ஷென், “என்னால நிச்சயமா நாப்பதுக்கு மேல சாப்பிட்டிருக்க முடியாது. தொடையெலும்புகூட நான் சாப்பிடல.”

“ஆளுக்கு ஐம்பது. சராசரி.”

“எனக்கும் ஐம்பதா?” அய்சாதா தன் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தாள். “நான் கழுத்தெலும்பு ஒண்ணுதான்...”

“சராசரிக்கு மெலிவு பருமன் கிடையாது. எழுது.”

அவள் எழுதினாள். தலைவர் கையெழுத்திட்டார், அடிக்கோடும் இட்டார். விடைபெறும்பொழுது, விருந்தினர் வீட்டிலிருப்போர்க்குக் கொண்டுசெல்லும் இறைச்சிப் பங்கைச் சூராகான் மூன்று பைகளிற் கட்டி நீட்டினாள்.

“ஐம்பது ஆடு தின்னப்புறம் இது கனமா இருக்குமோ என்னவோ, ஐயா. வேணாம்னா வெச்சிடறேன்.”

“வீட்ல பசங்க இருக்காங்க,” என்று தலைவர் பையை வாங்கிக்கொண்டார்.

மந்தை முற்றும் செலவாயிற்று என்று அறிக்கை கூறியமையால், உயிருடன் நடமாடும் ஊதியம் எதுவும் ஓமுர்சாக்கிடம் மிஞ்சவில்லை. கோப்பில் அக்குளிர்காலம் வெறுமையாயிற்று. ஊதியம் காணப்படாத காலத்திற்கு மாவட்டச் சராசரியையே ஊதியமாகக் கொள்ளவேண்டும் என்பது மற்றொரு விதி. அவ்வாறு கொள்ளப்பட்டது. தம் வாழ்நாளில் முதன்முறையாக ஓமுர்சாக் சராசரி ஊதியம் பெற்றார். பெற்றது மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர். வெள்ளிக்கிழமை காலை, அய்சாதா வாரியத்துக்கு வரும் வழியைச் சுற்றிக்கொண்டு, தன் கையாலேயே ஓய்வூதியச் சான்றைக் கொணர்ந்து கொடுத்தாள். தேநீர் குடித்தாள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டாள்.

வாரியத்துக்கும் கேடு நேரவில்லை. பின்னாளில் நாட்டின் தலைநகரிலிருந்து எர்கெபாயெவ் அவர்களுக்குப் பாராட்டு மடல் வந்தது. அவ்வாண்டு எங்கள் மாவட்டத்தில் ஒருவர் உண்ணும் இறைச்சியின் சராசரி அளவு நாட்டிலேயே முதலிடம் பெற்றிருந்தது. அன்று ஊழியர் எழுந்து நின்று கைதட்டினர். பெய்ஷென் கைதட்டும்போது தோளைப் பிடித்துக்கொண்டாராம்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் தொலோபெர்தியின் மந்தை வீட்டைக் கடந்து மேலே சென்றது. மேய்ப்பன் புதியவன், நாயும் புதியது. ஓமுர்சாக் வேலியோரம் நின்று கடைசி ஆடு வளைவில் மறையும்வரை பார்த்தார். கால் ஒருமுறை பழக்கத்தால் முன்னே அடியெடுத்து வைத்தது, பிறகு நின்றது. அவர் திரும்பியபோது பனி விழத் தொடங்கியிருந்தது, அவசரமின்றி.

உள்ளே சூராகான் கம்பளத்தை விரித்திருந்தாள். அந்திப் பொழுது. அவர் கை கால் கழுவி, தொழுகைக்கு மேற்கே திரும்பினார். முழங்கால் மடங்க மறுத்தது. ஆகவே அவள் சிறிய மரமுக்காலியை இழுத்து வைக்க, அதன்மேல் அமர்ந்தபடியே தலை தாழ்த்தினார். அவருக்குப் பின்னே, கம்பளத்தின் விளிம்பில், அவளும் நெற்றியைத் தரையில் வைத்தாள். வெகுநேரம் இருவர் உதடுகள் மட்டும் அசைந்தன. பனி சாளரத்தை ஓசையின்றி நிரப்பிற்று.

எழுந்ததும் அவள் கைகளை விரித்து அவர் முன் நீட்டினாள். “நீ சொல்லு. இந்த வீட்டுல குளிர்காலத்துல வாழ்த்து சொன்னதே இல்ல நீ.”

ஓமுர்சாக் உள்ளங்கைகளை விரித்தார். சொற்களைத் தேடினார். பின்னர் தாழ்ந்த குரலில் வாழ்த்தினார்:

“கணவாய்க்கு அப்பால இன்னிக்குத் தூங்காதவனுக்கு நெருப்பு அணையாம இருக்கட்டும். இந்தக் கூரைக்குக் கீழ தூங்கறவங்க ஒண்ணா முழிக்கட்டும். சாளரத்துக்குப் பின்னால உக்காந்து எண்ணறவங்களுக்கு இறைவன் நல்ல கண்ணும் நல்ல செரிமானமும் குடுக்கட்டும். நமக்கு எழுதினது நம்ம வட்டிலுக்கு வரட்டும். வந்தது நாலு பேருக்குப் பத்தட்டும். ஒமின்.”